கீறல் விழுந்த அச்சு

ஓரின் முட்டையை நின்றுகொண்டே தின்றான். வேட்டைப் பருவம் திறக்கிற நாளில் உட்கார்ந்து சாப்பிட்டால் மலையில் கால் எழாது என்பது அவன் கட்சி.

"உக்காந்து தின்னா மான் கோவிச்சுக்குமா?" என்றாள் அவன் மனைவி ஆர்டிஸ்.

"மான் கோவிச்சுக்காது. என் முட்டிதான் கோவிச்சுக்கும். ஒருதடவ மடக்கினா மறுபடி நிமிர மாட்டேங்குது."

"அப்ப மான் கிடைச்சா யாரு குனிஞ்சு தோல் உரிக்கிறது?"

"ராய்ஸ் வருவான்."

"அவனா? அவன் வாங்கிட்டுப் போன தோட்டா அச்சைத் திருப்பிக் கொடுக்கவே வரலை. தோல் உரிக்க வரப்போறானாக்கும்."

ஓரின் சிரித்தான். "நேத்துக்கூடக் கேட்டேன். நாளைக்குன்னான்."

"அவன் நாளைக்கு நாளைக்குன்னு சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் பொண்டாட்டி பில்லிங்ஸ் டவுனுக்குப் போயிட்டா."

"வேட்டை முடியட்டும். நானே போய் அவன் கொட்டாயிலேருந்து எடுத்துட்டு வரேன். சரிதானா?"

அவள் தட்டைக் கழுவ எடுத்தாள். அவன் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, மேசையிலிருந்த தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மூடினான். தடவுவதில் பயன் ஒன்றும் இல்லை. அவள் நிரப்பிய தோட்டாவில் குறை இருந்ததே கிடையாது. ஆனாலும் தடவுவான். காப்பி தண்ணியாக இருக்கிறது என்று ஒரு குறை சொன்னான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். பிக்கப் வண்டியின் விளக்கு வேலிக் கம்பிகள் மேல் ஒருமுறை ஓடி மறைந்தது.

அந்த வீட்டில் தோட்டா நிரப்புவது அவள் வேலை, சுடுவது அவன் வேலை. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை யாரும் எறிவதில்லை. வெடிக்கும்போது உறை துப்பாக்கியின் அறைக்குள் உப்பிவிடும். அதை எஃகு அச்சுக்குள் விட்டு, பிரஸ் என்னும் அழுத்துபொறியின் கைப்பிடியை இழுத்து அழுத்தினால் பழைய உடம்புக்கு வரும். பிறகு அடியில், தட்டினால் பொறி விடும் புதிய தீமூடி, உள்ளே எடைபோட்ட வெடிமருந்து, வாயில் புதிய குண்டு. ஆர்டிஸ் இடக்கைக்காரி. ஓரின் அவளுக்காக அந்தப் பிரஸ்ஸைப் பலகையின் மறுகோடியில், இடக்கைக்குத் தோதாக முடுக்கி வைத்திருந்தான்.

அவளிடம் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று உறையின் கழுத்தை மட்டும் பிடிப்பது. அது ஓரினுக்கு. அவன் துப்பாக்கியில் உப்பிய உறை அதே துப்பாக்கிக்குத் திரும்பப் போவதால் உடம்பை அழுத்த வேண்டியதில்லை. விட்டால் அந்த அறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். இன்னொன்று உறையின் முழு உடம்பையும் அழுத்துவது. அது ராய்ஸ் பிக்கர்டுக்கு. அடுத்த பண்ணைக்காரன், ஓரினோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். குறிபார்க்கும் இடத்தில் கண்டவன் போட்ட உறையையும் பொறுக்கிக்கொண்டு வருவான். அது எந்தத் துப்பாக்கியில் எப்படி உப்பியதோ தெரியாது. அப்படிப்பட்டவனுக்கு முழு அச்சுதான் சரி.

இன்னொருவர் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் துப்பாக்கி கன்னத்தோடு சேர்ந்து வெடிக்கும். அதனால் அண்ணன் நிரப்பியதைத் தம்பி சுட மாட்டான். ஆர்டிஸ் நிரப்பியதை மட்டும் இரண்டு பேர் சுட்டார்கள். ஓரின், ராய்ஸ். ராய்ஸ் இதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த ஆகஸ்டில் ஒரு கன்று உதைத்து அவள் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டிருந்த சமயம் பார்த்து ராய்ஸ் வந்து, தானே நிரப்பிக்கொள்வதாகச் சொல்லி முழு அச்சை வாங்கிப் போனான். ஒரு வாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"உங்க அச்சு என் பித்தளையக் கீறுது."

ஒரு கைப்பிடி உறைகளை மேசையில் கொட்டினான். ஒவ்வொன்றிலும் தோளிலிருந்து அடிவரை நேராக ஒரு கோடு, ஊசியால் இழுத்ததுபோல.

ஆர்டிஸ் ஒன்றை எடுத்து விரல் நகத்தால் வருடினாள். "இத எங்க போட்டு வச்சிருந்த?"

"சரளையில கொட்டிடுச்சு. பொறுக்கித்தான் போட்டேன்."

"தொடச்சியா?"

"பித்தளைய எதுக்குத் தொடைக்கணும்? கலியாணத்துக்கா போகுது?"

ஓரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், மண்ணோட அழுத்தினா கீறாம முத்தமா கொடுக்கும்? மண்ணுத் துகள் அச்சுக்குள்ள ஏறி உக்காந்திருச்சுடா. இனிமே அதுல போறது எல்லாத்துலயும் இந்தக் கோடு விழும். உன் கையெழுத்துன்னு வச்சுக்க."

"புதுசு வாங்கித் தரேன்" என்று ராய்ஸ் முறைத்தான்.

"நாளைக்கா?" என்றாள் ஆர்டிஸ். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மத்தியானம் ஓரின் வரவில்லை. மான் கிடைத்திருக்கும் என்று நினைத்து அவள் பெரிய கத்திகளைத் தீட்டி வைத்தாள். பொழுது சாயும்போது ராய்ஸ் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன்தான் முதலில் ஓடி வந்தான், அவன்தான் ஆட்களைக் கூட்டினான். வண்டி முகப்பில் வரைபடத்தை விரித்து, "வடக்கு ஓடைக்குப் போறேன்னு என்கிட்ட சொன்னான், அங்கதான் பாக்கணும்" என்றான். ஊரே விளக்கைப் பிடித்துக்கொண்டு வடக்கு ஓடையைச் சல்லடையாகச் சலித்தது. பனி விழத் தொடங்கியது.

மறுநாள் தெற்கு முகட்டில், ஜூனிப்பர் புதருக்குக் கீழே, நாய் வைத்திருந்த ஒருவர் ஓரினைக் கண்டுபிடித்தார். தொடையில் குண்டு நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. தன் இடைவாரைக் கழற்றித் தொடையில் இறுக்கியிருந்தான். வாரில் ஒரு புதிய ஓட்டை இருந்தது. இன்னும் இறுக்குவதற்காகக் கத்திமுனையால் அவனே போட்டது. தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்த தடம் பாதைப் பக்கமாகவே போயிருந்தது.

"மத்தியானம் தாண்டியும் உயிர் இருந்திருக்கணும்" என்றார் மருத்துவர். கேட்காமலே சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு அவர் முகத்தில் தெரிந்தது. ஆர்டிஸுக்கு அவர் சொன்னதே நல்லதாயிற்று. வரும் மாதங்களில் அவளை எழுப்பி நடக்க வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். சுட்டது கைத்தவறாக இருக்கலாம். மங்கல் வெளிச்சத்தில் புதர் அசைந்தால் யார் விரலும் தவறும். ஆனால் சுட்டவன் அங்கிருந்து இறங்கிப் போயிருக்கிறான். ஒருவன் அங்கே உட்கார்ந்து வாரில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் வீட்டுக்குப் போய் எதையோ சாப்பிட்டிருக்கிறான்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்த எவனோ என்று ஊர் பேசியது.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ராய்ஸ் முன்னால் இருந்தான். தேவாலயத்தில் தோள் குலுங்க அழுதான். குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியைத் தள்ளினான். விறகு பிளந்து அடுக்கினான். "நீ தனியா இல்ல, ஆர்டிஸ்" என்று வாரம் தவறாமல் சொன்னான். அவளும் அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கு கசக்கும்.

பனி உருகியதும் அவள் தெற்கு முகட்டுக்கு ஏறத் தொடங்கினாள். ஓரின் விழுந்த இடத்தில் நிற்கப் போனாள் என்று ஊர் நினைத்தது. அவள் நின்றது எதிர்ச் சரிவில். குண்டு நுழைந்த பக்கத்தை மருத்துவர் காட்டியிருந்தார். அந்தப் பக்கம் நின்று சுட்டிருக்கக் கூடிய இடம் ஒன்றுதான், ஒரு பாறைத் திட்டு. தோட்டா நிரப்புகிறவன் எவனும் உறையை விட்டுவிட்டுப் போக மாட்டான், கை தானாகக் குனியும். அப்படி விட்டுப் போயிருந்தால், அவன் குனியக் கூட நேரமில்லாமல் ஓடியவன். அந்தக் கணக்கில்தான் அவள் தேடினாள். பாறை இடுக்குகளில் கையை விட்டு, அழுகிய ஊசியிலைகளைக் கிளறி, மறுபடி மறுபடி.

மே மாதக் கடைசியில் கிடைத்தது. வாய் கறுத்த பித்தளை உறை. அவள் அதை உடனே பார்க்கவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு, முதலில் கட்டைவிரல் நகத்தால் வருடினாள்.

தோளிலிருந்து அடிவரை நேராக ஒரு கோடு.

ஆகஸ்டுக்கு முன்னால் அந்த அச்சில் கீறல் கிடையாது. ஆகஸ்டுக்குப் பிறகு அச்சு ராய்ஸின் கொட்டகையைத் தாண்டியதில்லை. ஓரினின் உறைகள் அந்த அச்சைத் தொட்டதே இல்லை. அவள் பாறைமேல் உட்கார்ந்தாள். எதிரே ஜூனிப்பர் புதர் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரு ஆள் கத்தினால் கேட்காமல் இருக்க முடியாது.

அந்தப் பகுதிக் காவல் அதிகாரியான துணை ஷெரீப் டுவேன் கெஸல் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். அவரும் நிரப்புகிறவர்தான், விளக்க வேண்டியிருக்கவில்லை. உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான் நம்புறேன், ஆர்டிஸ்."

"அப்ப போய்ப் பிடிங்க."

"செப்டம்பர்ல ஓநாய்க்குச் சுட்டேன்னு சொல்லுவான். அவன் அந்த முகட்டுல நின்னான்னு இது சொல்லும், என்னிக்கு நின்னான்னு சொல்லாது. குண்டும் கிடைக்கல. வக்கீல் இத ஊதித் தள்ளிடுவான். ஒருதடவ ஊதித் தள்ளிட்டா அப்புறம் அவ்வளவுதான்."

"அவன் வாயால சொன்னா?"

"சொன்னா வேற கதை." அவர் உறையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வைங்க. வேற ஒண்ணும் பண்ணிடாதீங்க. உங்க முகம் நல்லா இல்ல."

"என் முகம் எப்பவும் இப்படித்தான்" என்றாள் ஆர்டிஸ்.

அடுத்த வாரம் ராய்ஸ் விறகு இறக்க வந்தபோது சாதாரணமாகக் கேட்டாள். "ராய்ஸ், அந்த அச்சைக் கொண்டு வந்து கொடேன். எத்தனை நாளைக்குத்தான் வச்சிருப்ப?"

அவன் கையில் இருந்த விறகு ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு அடுக்கில் உட்கார்ந்தது. "அதுக்கென்ன. கொண்டு வரேன்."

நாளைக்கு என்று சொல்லவில்லை. சொன்னபடி மறுநாளே வந்தான். பழைய அச்சோடு அல்ல. பளபளக்கும் பெட்டியில் புதிய அச்சுத் தொகுதி. முழு அச்சு, கழுத்து அச்சு, நூலிழை அளவுக்குக் குண்டை உட்கார்த்தும் திருகு வைத்த இன்னொன்று. அந்தக் கடையில் இருந்ததிலேயே உயர்ந்தது. கடனாக வாங்கிய சுத்தியலைக் கூட நினைவுபடுத்தாமல் திருப்பித் தராதவன், வாங்கியது ஒன்றுக்கு மூன்றாகக் கொண்டு வந்திருந்தான்.

"பழசு எங்க?"

"அது எதுக்கு? கீறல் விழுந்தது. தூக்கிப் போட்டுட்டேன். உனக்கு நல்லதா ஒண்ணு இருக்கட்டுமேன்னு…"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தாள். அதன் முத்திரைத் தாளைக் கூடக் கிழிக்கவில்லை. அதுவரை அவளுக்குள் மிச்சம் இருந்த ஒரு மயிரிழைச் சந்தேகமும் அந்தப் பெட்டியோடு தீர்ந்தது.

செப்டம்பரில் அவன் வெற்று உறைகளோடு வந்தான். எல்லாம் கடையில் வாங்கிய புதுப் பித்தளை. ஒன்றிலும் கோடு இல்லை. "இந்த வருஷம் மறுபடி நீயே போட்டுக் கொடுத்துடு, ஆர்டிஸ். உன் கையால போட்டத விட்டா நான் வேற எதையும் சுட மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும், ராய்ஸ்."

வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் போனபின் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவனே கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாளைக்கு அவன் கன்னத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி வெடிக்கப் போகிறதை, அவனே அவள் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் காலை தராசின் முன் உட்கார்ந்தாள். தட்டில் மருந்தைக் கொட்டினாள். முள் வழக்கமான இடத்தில் நின்றது. இன்னும் கொட்டினாள். முள் ஏறியது. ஓர் உறை போதும், எது என்று அவளுக்குக்கூடத் தெரியாமல் கலந்துவிடலாம். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பயமும் வரவில்லை. வேறொன்று தோன்றியது. அவன் முகம் சிதறிப்போனால் ஊர் அவனுக்காக அழும். இதே தேவாலயத்தில், இதே பாட்டுகளோடு. நல்லவன், ஓரினின் விதவைக்கு விறகு பிளந்து போட்டவன் என்று பேசுவார்கள். அவனோ வாயைத் திறக்காமலே தப்பிப் போயிருப்பான்.

அது கூடாது. அவன் சொல்ல வேண்டும். எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நெடுங்காலம் உயிரோடும் இருக்க வேண்டும்.

மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். கீறல் விழுந்ததைப் போலவே முழு உடம்பையும் அழுத்துகிற அச்சு ஒன்றை டுவேனிடம் இரவல் வாங்கி, தன் வாழ்நாளிலேயே மிகக் கவனமாக அந்தப் பெட்டியை நிரப்பினாள். ஒவ்வோர் அளவையும் இருமுறை நிறுத்தாள். அத்தனையும் குற்றமில்லாத தோட்டாக்கள். பெட்டியின் முன்வரிசை மூலைக் குழி ஒன்றை மட்டும் காலியாக விட்டிருந்தாள். கடைசியில் அதில், பாறையில் கிடைத்த உறையை வைத்தாள். மருந்து இல்லை, குண்டு இல்லை. கோடு மேலே தெரியும்படி பாதி தூக்கி வைத்து, அடியில் ஒரு துணிச் சுருளைச் செருகினாள்.

வேட்டை திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை ஊர் முழுக்கச் சரளைக் குழியில் கூடும். மண்மேட்டில் காகிதம் ஒட்டி, துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பார்கள். ஊர்க்காரி பெர்னடீன் பெரிய இரும்புக் கல்லில் பான்கேக் சுட்டுப் போடுவாள். டுவேன் கெஸல் கொடி அசைத்து ஒழுங்கு பார்ப்பார். ஆர்டிஸ் அவரிடம், "பக்கத்துலயே இருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ராய்ஸ் வந்தான். பெட்டியை வாங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். "பாத்தீங்களா? ஆர்டிஸ் போட்டது!"

"அவ போட்டுக் கொடுத்தும் முன்ன ஒரு வருஷம் நீ வாளிய நோக்கிச் சுட்டு வேலிக் கம்பத்தத்தான் அடிச்ச" என்று பெர்னடீன் கல்லிலிருந்து கத்தினாள். சிரிப்பு எழுந்தது.

ராய்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியை மணல்மூட்டையில் சாய்த்தான். பெட்டியைத் திறந்தான். சிரிப்பு அவன் முகத்தில் இருந்தபடியே காய்ந்துபோனது.

ஆர்டிஸ் அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். "என்ன ராய்ஸ், சுடு."

"இது… இது என்ன, ஆர்டிஸ்?"

"எது?"

அவன் மூலை உறையைத் தொடவில்லை. விரல் அதற்கு அருகில் போய்த் திரும்பியது. "மத்ததுல என்ன போட்டிருக்க?"

"எப்பவும் போடுறதுதான்."

"எவ்வளவு போட்டிருக்க?"

"இத்தனை வருஷத்துல நீ இதக் கேட்டதே இல்லையே. எடு. ஒண்ணு சுடு."

பக்கத்துப் பெஞ்சுகளில் சுடுவது நின்றது. ராய்ஸ் ஒரு தோட்டாவை எடுத்தான். அறைக்குள் வைக்கப் போனான். தோட்டா நழுவி மரப்பலகையில் உருண்டது. அவன் உடம்பு பின்னால் போயிற்று, பாம்பைக் கண்டதுபோல.

"என்னடா, சுடேன்" என்றான் யாரோ. "ஆர்டிஸ் போட்டதுக்கா பயப்படுற?"

"எனக்கு… கை சரியில்ல."

"அவனுக்குக் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ். குரல் உயரவில்லை. "நான் இவன் முகத்தச் சிதறடிக்கிற மாதிரி மருந்து போட்டிருப்பேன்னு நினைக்கிறான். நான் ஏன் அப்படிப் போடணும்? வருஷம் முழுக்க எனக்கு விறகு பிளந்து போட்டவனுக்கு நான் ஏன் அப்படிச் செய்யணும்? கேளுங்க இவன."

கல்லில் பான்கேக் கருகும் வாடை வந்தது. பெர்னடீன் அதைத் திருப்பவில்லை.

"எந்திரி" என்றாள் ஆர்டிஸ்.

அவன் எழுந்தான். அவள் அவன் இடத்தில் உட்கார்ந்தாள். உருண்ட தோட்டாவை எடுத்து அறைக்குள் வைத்து, இடத்தோளில் துப்பாக்கியைச் சாய்த்து, கன்னத்தைக் கட்டையில் வைத்துச் சுட்டாள். மண்மேட்டில் காகிதம் நடுங்கியது. அடுத்ததை எடுத்தாள். சுட்டாள். அடுத்தது. டுவேன் கொடியை இறக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவள் வரிசையாக, அவசரமில்லாமல், பெட்டி காலியாகும்வரை சுட்டாள். தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "எல்லாம் ஒரே உள்ளங்கைக்குள்ள விழுந்திருக்கு" என்றார். அவர் குரலில் வியப்பு இல்லை, பயம்தான் இருந்தது.

பெட்டியில் மூலை உறை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் அதை எடுத்து ராய்ஸின் சட்டைப் பையில் போடுவதுபோல நீட்டினாள்.

"இதச் சுட முடியாது. இதுல இருந்த குண்டு ஓரின் வழியாப் போயிடுச்சு."

ராய்ஸ் அதைப் பார்த்தான். பிறகு ஊரைப் பார்த்தான். எல்லாரும் நிரப்புகிறவர்கள், அந்தக் கோட்டின் கதையை ஓரின் வாயாலேயே கேட்டுச் சிரித்தவர்கள். எவர் கண்ணிலும் அவனுக்கு ஓரிடம் கிடைக்கவில்லை.

"மான்னு நினைச்சேன்" என்றான். "வெளிச்சம் வரல. புதர் அசஞ்சுது."

"அப்புறம்?"

"சத்தம் கேட்டுது."

"என்ன சத்தம்?"

அவன் வாய் கோணியது. "யாரு அங்கன்னு கேட்டான். இங்க வாங்கன்னு கூப்பிட்டான்."

"நீ என்ன பண்ணின?"

"இறங்கிப் போயிட்டேன்." கேட்டும் கேட்காத குரல்.

"இன்னொருதடவ சொல்லு" என்றாள் ஆர்டிஸ். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"ஆர்டிஸ், போதும்…"

"சொல்லு. அப்புறம் ஊர வடக்கு ஓடைக்கு ஏன் கூட்டிட்டுப் போனன்னும் சொல்லு."

அவன் சொன்னான். இருமுறை சொன்னான். இரண்டாம் முறை எல்லாருக்கும் கேட்டது. டுவேன் அவன் முழங்கையைப் பிடித்தபோது ராய்ஸ் ஒரு விதமான நன்றியோடு அவர் பக்கம் சாய்ந்தான். அதைக் கண்டு ஆர்டிஸுக்கு எரிச்சல் வந்தது. அவன் இளைப்பாறுவதை அவள் விரும்பவில்லை.

நீதிமன்றத்தில் எல்லா நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கிடைத்த தண்டனை அவளுக்குச் சிறிதாகப் பட்டது. துப்பாக்கி தொடக் கூடாது, வேட்டை உரிமம் ஆயுசுக்கும் இல்லை என்றார்கள். சிறையிலிருந்து வந்தவன் பண்ணையை விற்றுவிட்டு, இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். போதகர் அவளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச வந்தார். அவள் அவருக்குக் கேக் வெட்டிக் கொடுத்து, வானிலை பற்றிப் பேசி அனுப்பினாள்.

அந்தப் பழைய அச்சை அவன் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட அவனுக்கும் கை வரவில்லை போலும். கொட்டகையில் ஆணி டப்பாவின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. வழக்கு முடிந்ததும் டுவேன் அதைக் கொண்டு வந்து கொடுத்தார். பாறையில் கிடைத்த உறை அரசாங்கத்தின் சாட்சிப் பொருள் அறையிலேயே தங்கிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் வேட்டை திறக்கிற வாரத்தில் டயர் கடைக்கு ஒரு சின்னப் பொட்டலம் போகிறது. உள்ளே ஒரே ஒரு வெற்றுப் பித்தளை உறை. வேறு எழுத்து ஒன்றும் இருக்காது. ஒருமுறை டுவேன் வந்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "சட்டப்படி இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆர்டிஸ். இருந்தாலும் எத்தனை காலத்துக்கு அனுப்புவீங்க?" என்றார்.

"பித்தளை தீர்ற வரைக்கும்."

"பித்தளை தீராதே."

"தீராது" என்றாள்.

புதிய அச்சுத் தொகுதி முத்திரை கிழியாமல் அலமாரியில் இருக்கிறது. பொட்டலம் போகிற அந்த வாரத்தில் ஒரு காலை அவள் பழைய அச்சைப் பிரஸ்ஸில் திருகுகிறாள். உறையைத் துணியால் நன்றாகத் துடைத்து, மசகு தடவி, இடக்கையால் கைப்பிடியை இழுக்கிறாள். உறை வெளியே வருகிறது. தோளிலிருந்து அடிவரை அதே கோடு விழுந்திருக்கிறது.